பூனை வீட்டுக்கு ஒரு நாள் கட்டளை

இரண்டு இதழ்களுக்கு முன், பூனைக்குப் பால் வைக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வளர்ந்த பூனைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, பேதியாகும், தண்ணீர் வையுங்கள் என்று நாலு வரியில் பதில் எழுதினேன். அந்த நாலு வரியின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன, அதில் பாதி காசைப் பற்றியவை. அதனால் மாமியார் கடிதங்களும் முடி கொட்டும் கடிதங்களும் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இந்த முறை முழுக்கப் பூனைக் கணக்குதான்.

*

அக்கா, முத்தியால்பேட்டையில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து, நானும் என் தோழியும் நாலு வருஷமாகத் தெருப் பூனைகளை வைத்துப் பராமரிக்கிறோம். இன்றைய தேதிக்கு 23 பூனைகள். மாதம் 22,500 ரூபாய் ஆகிறது. நான் தையல் வேலை செய்கிறேன், தோழி ஒரு கடையில் பில் போடுகிறாள். இதுவரை நகை அடகு, கைமாற்று என்று ஓட்டிவிட்டோம். அடிபட்ட பூனையின் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டால் பணம் வருகிறது, மற்ற நாளில் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. மூடிவிடலாமா என்று யோசிக்கிறோம். தொடர்ந்து பணம் வர ஏதாவது வழி உண்டா?
— பெயர் வேண்டாம், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

கடிதத்தோடு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளையும் வைத்திருக்கிறீர்கள். வாடகை 5,500, தீனி 9,500, மருந்தும் மருத்துவரும் 3,000, கூட்டிப் பெருக்க வரும் அம்மாவுக்கு 3,000, மரத்தூள், பிளீச்சிங், கரண்ட் எல்லாம் சேர்த்து 1,500. ஓரத்தில் பென்சிலில் 'டீச்சருக்குக் கண் மருந்து 140' என்று எழுதி அடித்திருக்கிறது. டீச்சர் என்பது பூனையின் பெயர் என்று நினைக்கிறேன். அம்மா, உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து இந்தத் தாள்தான். நான் 31 வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவள். தன் மாதச் செலவை இப்படி ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டத் தெரிந்தவர்களை அங்கே அதிகம் பார்த்ததில்லை.

அடிபட்ட பூனைக்கு மட்டும் பணம் வருகிறது என்கிறீர்கள் இல்லையா, அந்தப் பணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது, மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு 17 பூனைகளை வைத்திருந்தோம். விடிவதற்குள் தகரம் பறந்துவிட்டது. அதில் ஒரு தகடு இரண்டு தெரு தள்ளி விழுந்து கிடந்த வேப்பமரத்தின் மேல் செருகிக்கொண்டு நின்றது. பூனைகளைச் சாக்கில் அள்ளி அடுக்களைக்குள் விட்டோம். ஊரில் பல நாள் கரண்ட் இல்லை. நனைந்து பாதியாகிப் போன ஒரு கறுப்புப் பூனை ஆட்டுக்கல்லின் குழிக்குள் சுருண்டு உட்கார்ந்துகொண்டு முறைத்ததை அடுத்த வீட்டுப் பையன் படம் எடுத்தான். கரண்ட் வந்ததும் அந்தப் படம் என் அலுவலகத் தோழிகள் வழியாக எங்கெங்கோ போய், பொங்கலுக்குள் என் சேமிப்புக் கணக்கில் 64,000 ரூபாய் விழுந்துவிட்டது. பணத்தோடு பூனைகளும் வந்தன. 'உங்களிடம்தான் இப்போது வசதி இருக்கிறதே' என்று அட்டைப்பெட்டியில் வைத்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். தை முடிவதற்குள் 41. பங்குனி மாதம் வந்த மொத்த நன்கொடை எவ்வளவு தெரியுமா, 300 ரூபாய். புயல் பழைய செய்தியாகிவிட்டது, 41 வயிறு அப்படியே இருந்தது.

அதோடு விட்டதா என்றால் இல்லை. யாரோ கொண்டுவந்து விட்ட ஒரு குட்டி வாந்தி எடுத்தது. மறுநாள் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குடிக்கவும் முடியாமல் நகரவும் முடியாமல் உட்கார்ந்திருந்தது. அந்தத் தோரணையை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு மறக்காது. பான்லியூகோபீனியா என்ற வைரஸ் நோய், வெள்ளை அணுக்களைத் தின்றுவிடும். ஆறு நாளில் ஒன்பது குட்டிகள் போயின. சுத்தமாக இருக்கட்டும் என்று நாங்கள் தினமும் பினாயில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, பினாயில் அந்த வைரஸுக்கு உறைக்காது, பூனைக்குத்தான் விஷம் என்று திட்டினார். பூனையின் ஈரலுக்கு அந்த வகை மருந்துகளை முறிக்கும் திறன் கிடையாது, பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடுவதும் அதனால்தான். பிளீச்சிங் கரைசல்தான் அந்த வைரஸைக் கொல்லும், விட்டால் அது தரையிலும் கூடையிலும் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும். உங்கள் தாளில் பிளீச்சிங் என்று பார்த்ததும் எனக்கு நிம்மதி. புதிதாக வருவதை இரண்டு வாரம் தனி அறையில் வைத்து, ஆறிலிருந்து எட்டு வார வயதில் முக்கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, நாலு மாத வயது வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை திரும்பப் போட்டிருந்தால் அந்த ஒன்பதில் பெரும்பாலானவை பிழைத்திருக்கும். அதற்கெல்லாம் யாரும் பணம் அனுப்புவதில்லை, ஏனென்றால் ஊசி போட்ட குட்டியின் படத்தைப் பார்த்து யாருக்கும் கண்ணீர் வராது.

சரி, வழிக்கு வருகிறேன். மாதம் 22,500 என்று சொன்னால் கேட்கிறவருக்குத் தலை சுற்றும். முப்பதால் வகுங்கள், ஒரு நாளைக்கு 750 ரூபாய். நம் கோயில்களில் கட்டளை என்று ஒன்று இருக்கிறதே, இன்ன நாள் இன்னார் உபயம் என்று பலகையில் எழுதி வைப்பார்கள், பிறந்த நாளுக்கும் அப்பாவின் திதிக்கும் முதியோர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போடுவார்கள், அதே பழக்கத்தைப் பூனை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மாதத்தின் 30 நாளையும் கட்டம் போட்டு ஒரு அட்டையில் எழுதி, வாசலுக்கு உள்பக்கம் மாட்டுங்கள். ஒருவர் ஒரு தேதியை எடுத்துக்கொள்கிறார், ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதி அவருடையது. 750 முடியாதவர்கள் மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கு 250 போடட்டும். அன்று சாயங்காலம் அவருக்கு ஒரே ஒரு படம் அனுப்புங்கள், கிண்ணத்தில் தலையை விட்டிருக்கும் பூனையின் படம், 'இன்று உங்கள் நாள், டீச்சர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டது' என்று ஒரு வரி. இதைவிடப் பெரிய நன்றிக் கடிதம் தேவையில்லை. 12 நாள் நிரம்பினாலே 9,000 ரூபாய் ஆயிற்று, வாடகையும் பெருக்கும் அம்மாவின் சம்பளமும் அதில் அடங்கிவிடும், அடகுக்கடைப் பக்கம் போக வேண்டாம். முதல் 12 பேரை வெளியூரில் தேடாதீர்கள். உங்களிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர்கள், தோழியின் கடைக்கு வருகிறவர்கள், பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர், நடந்து வந்து பூனையைப் பார்த்துவிட்டுப் போகக்கூடிய தூரத்தில் இருப்பவர்களாகப் பாருங்கள். பார்த்துவிட்டுப் போனவர் சீக்கிரம் நிறுத்த மாட்டார். கேட்கிற தேதியும் முக்கியம், சம்பளக்காரர்களிடம் ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்தாம் தேதிக்குள் கேட்டுவிட வேண்டும், இருபதாம் தேதி கேட்டால் சங்கடம் அவர்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

மாதக் கடைசியில் வரவு செலவை அந்த அட்டைக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். மொய் நோட்டு மாதிரி பேர் பேராகப் போட வேண்டாம், சிலருக்குப் பேர் வருவது பிடிக்காது. ஆனால் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, கையிருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, இந்த நாலும் இருக்க வேண்டும். கடனை மறைக்காதீர்கள். எங்கள் மருந்துக்கடை பாக்கி 11,000 என்று எழுதி ஒட்டிய மாதம்தான், அதுவரை 100 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் நேரே அந்தக் கடைக்குப் போய்ப் பாதியை அடைத்துவிட்டு வந்தார்.

பணம் எந்தக் கணக்கில் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை, உங்கள் சொந்த ஜிபே எண்ணாகத்தான் இருக்கும். இதில் ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். உறவினர் அல்லாதவர்கள் ஒரு நிதியாண்டில் உங்களுக்கு அன்பளிப்பாகத் தரும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழுத் தொகையும் உங்கள் வருமானமாகச் சேரும். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எனக்கு இது உறைக்கவில்லை, 64,000-ஐயும் என் வருமானத்தில் காட்டி வரி கட்டினேன். உங்கள் செலவு வருஷத்துக்கு 2,70,000 ரூபாய், அதில் ஐந்தில் ஒரு பங்கு நன்கொடையாக வந்தாலே இந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். நீங்கள், தோழி, வெளியாள் ஒருவர் என்று மூன்று பேர் சேர்ந்து ஓர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். சங்கமாகப் பதிய வேண்டுமானால் ஏழு பேர் வேண்டும், 23 பூனைகளை மேய்ப்பதைவிட அது சிரமம். பிறகு அறக்கட்டளை பேரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு, அந்தக் கணக்குக்கு ஒரு க்யூஆர் அட்டை. வருமான வரித்துறையில் அறக்கட்டளைக்கு வரி விலக்குத் தரும் 12ஏ பதிவும் அதற்கு அப்புறம் நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி அனுமதியும் வாங்க ஆடிட்டர் வேண்டும், உள்ளூரில் பூனை வளர்க்கும் ஆடிட்டர் யாராவது நிச்சயம் இருப்பார், விசாரியுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், 80ஜி வந்துவிட்டால் பணம் கொட்டும் என்று நம்பி இருக்காதீர்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை, புதிய முறைக்கு மாறியவர்களுக்குக் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கும் கிடையாது. விலங்கு நல வாரியத்தின் மானியமும் அப்படித்தான். 1962-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கி சென்னையில் நடந்துகொண்டிருந்த அந்த வாரியம் இப்போது ஹரியானாவில் இருக்கிறது. முதலில் அவர்களிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், பிறகு மானியத்துக்கு மனுப் போட வேண்டும். போடுங்கள், வந்தால் வரட்டும், அதை நம்பி தீனி மூட்டைக்குக் கடன் சொல்லாதீர்கள்.

கடைசியாக, உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. 23-ல் நிறுத்துங்கள். செலவை 23-ஆல் வகுத்தால் ஒரு பூனைக்கு மாதம் 980 ரூபாய் வருகிறது. ஒரு பூனை வீடு பிடித்துப் போனால்தான் இன்னொன்று உள்ளே வரலாம் என்று வாசலில் எழுதிப் போடுங்கள். கல்நெஞ்சக்காரி என்று நாலு பேர் சொல்வார்கள், சொல்லட்டும். முதல் மூன்று மாத நன்கொடையில் மீதம் என்று ஏதாவது நின்றால் அதைக் கருத்தடைக்கு ஒதுக்குங்கள். நாலைந்து மாத வயதிலேயே பெண் பூனை சினை பிடித்துவிடும், ஒன்பது வாரத்தில் மூன்று நாலு குட்டி, அதற்கெல்லாம் நாள் கட்டளை பிடிக்க முத்தியால்பேட்டையில் ஆள் போதாது. குரும்பாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குப் பஸ் தூரம்தான், முதலில் அங்கே போய் விசாரியுங்கள்.

காலண்டர் அடிக்கலாமா, காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கடை போடலாமா என்றும் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். காலண்டர் என்றால் முன்பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும் அடியுங்கள், ஜனவரி பத்து தாண்டினால் அது பழைய பேப்பர். சந்தையில் நீங்கள் தைத்த துணிப்பைகளை வைக்கலாம், வெட்டுத் துணி உங்களிடம் சும்மாதானே கிடக்கும். ஆனால் பூனையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அந்த நெரிசலில் மிரண்டு ஓடினால் பிடிக்க முடியாது. டீக்கடையில் உண்டியல் வைப்பதாக இருந்தால் மாதம் ஒரு நாள் கடைக்காரர் முன்னாலேயே திறந்து எண்ணி, தொகையை உண்டியலின் மேலேயே எழுதுங்கள்.

*

அக்கா, நான் காலேஜ் மாணவன். முதுநகர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் 15 பூனைகளுக்குத் தினமும் சோறு வைக்கிறேன். ஏலம் முடிந்ததும் கழிவு மீன் சும்மாவே கிடைக்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் அது நின்றுவிடுகிறது. அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் எப்படிப் பணம் திரட்டுவது?
— ஒரு மாணவர், கடலூர் முதுநகர்

தம்பி, ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள், வருஷா வருஷம் வருவது, திடீரென்று வருவதில்லை. நீ ஏப்ரல் இருபதாம் தேதி விசைப்படகுக்காரரிடம் போய்க் கேட்டால், அவரே வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, படகுக்குப் பெயின்ட் அடிக்க எங்கே கடன் வாங்கலாம் என்று உட்கார்ந்திருப்பார். மாசி மாதமே கேட்க வேண்டும், அப்போதுதான் அவர் கையில் காசு ஓடும். கேட்கும்போது பாவம் புண்ணியம் பேசாதே, எலியைப் பற்றிப் பேசு. 61 நாள் வலை சும்மா குவிந்து கிடக்கும், எலி கடித்தால் என்ன செலவு என்று உன்னைவிட அவருக்குத் தெரியும். ஐஸ் கம்பெனி, வலைக்கிடங்கு வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் இந்தப் பேச்சு எடுபடும். பணமாகத் தராவிட்டாலும் ஒரு மூட்டை அரிசி, ஐஸ் பெட்டியில் இடம் என்று தருவார்கள், அதுவும் காசுதான்.

நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் மீன் அடியோடு நிற்காது, விலைதான் ஏறும். அதனால் கோழிக்கடைக்குப் போ. ஈரல், கழுத்து, தோல் எல்லாம் சல்லிசாகக் கிடைக்கும், வேகவைத்து எலும்பை எடுத்துவிட்டுச் சோற்றோடு பிசைந்து வை, வெந்த எலும்பு முறிந்து தொண்டையில் குத்தும். கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பு. அப்புறம், மீன் கிடைக்கிற நாளிலும் மத்தி, நெத்திலியைப் பச்சையாகப் போட்டுப் பழக்காதே. பச்சை மீனில் இருக்கும் ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், மாதக்கணக்கில் அதையே தின்னும் பூனை தள்ளாட ஆரம்பிக்கும், ஒரு கொதி விட்டால் போதும். நாய்த் தீனி மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதே, பூனைக்கு வேண்டிய டாரின் என்ற சத்து அதில் போதாது, போகப் போகக் கண்ணும் இதயமும் கெடும்.

15 பூனைக்கு 61 நாள் எவ்வளவு ஆகும் என்று நீ ஒரு கணக்கு எழுதியிருக்கலாம், எழுதவில்லை. முதலில் அதை எழுது. ஒரு பக்கம் போதும், புதுச்சேரி அக்கா எழுதின மாதிரி.

*

என் மாமனார் சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். நாத்தனார் குடும்பம் பாரீஸில் இருக்கிறது, எல்லோருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். பக்கத்துத் தெருவில் இருக்கும் பூனைக் காப்பகத்துக்கு 300 யூரோ அனுப்புகிறேன், கணக்கு எண் வாங்கித் தாருங்கள் என்கிறார். வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, குருசுக்குப்பம், புதுச்சேரி

கொடுக்க வேண்டாம். உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நம் ஊரில் பிறந்திருந்தாலும், தமிழ் பேசினாலும், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் ஒரு காப்பகத்துக்குத் தருவது வெளிநாட்டு நன்கொடை. யூரோவாக அனுப்பினாலும் சரி, டிசம்பரில் வந்து 500 ரூபாய் நோட்டாக உண்டியலில் போட்டாலும் சரி, சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். 2010-ஆம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்த அமைப்புதான் அதை வாங்கலாம். பதிவு கேட்க அமைப்பு குறைந்தது மூன்று வருஷம் நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும், பணம் வந்து சேரும் கணக்கு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளையில் மட்டும் இருக்க வேண்டும். பதிவு இல்லாதவர்கள் ஒரு குறிப்பிட்ட நன்கொடைக்கு மட்டும் முன் அனுமதி கேட்க வழி உண்டு, 300 யூரோவுக்காக அந்தக் காகிதங்களோடு மல்லுக்கட்ட யாருக்கும் தெம்பு இருக்காது. பதிவு உள்ள பெரிய அமைப்பு வாங்கி இவர்களுக்குத் தரலாமே என்றால், 2020-ல் வந்த திருத்தம் அதையும் அடைத்துவிட்டது.

'என் கணக்குக்கு அனுப்பச் சொல்லி நான் மாற்றிவிடுகிறேனே' என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். அந்தச் சுற்றுவழி வேண்டாம், நாளைக்கு யாராவது மொட்டைக் கடிதம் போட்டால் மாட்டிக்கொண்டு முழிப்பது காப்பகம் நடத்துகிறவர்தான்.

வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டே வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. உங்கள் குடும்பத்தில் துபாயிலோ சிங்கப்பூரிலோ அப்படி யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள். நாத்தனாருக்கு மனசு கேட்கவில்லை என்றால், லீவில் வரும்போது தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் குட்டிகளோடு போய் உட்காரச் சொல்லுங்கள். மனிதக் கை பழகிய குட்டிக்குத்தான் சீக்கிரம் வீடு கிடைக்கும். ஒரு குட்டி வீடு போய்ச் சேர்ந்தால் காப்பகத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம், அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம்.

*

மனுஷனுக்கே சோறில்லாத நாட்டில் பூனைக்கு வசூலா?
— நெல்லிக்குப்பம் வாசகர்

நீங்கள் மனிதர்களுக்காக எங்கே வசூல் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள், அங்கேயும் ஒரு நாள் எடுத்துக்கொள்கிறேன்.

*

வாட்ஸ்அப்பில் ரத்தக் காயத்தோடு பூனைப் படமும் க்யூஆர் கோடும் அடிக்கடி வருகின்றன. எது உண்மை, எது ஏமாற்று என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று கேளுங்கள். மருத்துவமனைக்கு நீங்களே போன் போட்டு, பில்லை நேராக அங்கேயே கட்டலாமா என்று கேளுங்கள். உண்மையானவர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள், கோபித்துக்கொள்கிறவருக்கு அனுப்பாதீர்கள். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் வரும் பெயரும் படத்தில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். போன மாதம் என் போனுக்கு வந்த ஒரு படத்தில் 'நேற்று இரவு கடலூரில் அடிபட்டது' என்று போட்டிருந்தார்கள், பூனைக்குப் பின்னால் பனி கொட்டிக்கிடந்தது. சில்வர் பீச்சில் பனி கொட்டினால் நமக்கு முதலில் தெரிந்திருக்காதா?

*

என் கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். நாலு வயதுப் பூனையைப் பக்கத்தில் உள்ள காப்பகத்தில் விட்டுவிட்டு 2,000 ரூபாய் நன்கொடையும் தரலாம் என்றால், அவர்கள் மறுக்கிறார்கள். காசு கொடுத்தும் வாங்கவில்லை என்றால் அப்புறம் எதற்குக் காப்பகம்?
— ஒரு வாசகி, லாஸ்பேட்டை

உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் முதல் பதிலில் போட்ட கணக்கை எடுத்துப் பாருங்கள். ஒரு பூனைக்கு மாதம் 980 என்றால் நீங்கள் தரும் 2,000 இரண்டு மாதம் வரும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 12 வயது, 15 வயது வரை கூட இருக்கும். இன்னும் எட்டு வருஷம் என்று வைத்தாலும் 94,000 ரூபாய் ஆகிறது, பாக்கி 92,000-த்தை அவர்கள் யார் வீட்டு நகையை வைத்துக் கட்டுவார்கள்? காப்பகம் யாருமில்லாத பூனைக்கு, உங்கள் பூனைக்கு நீங்கள் இருக்கிறீர்கள். தெருவில் விட்டுவிட்டுப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் என்பதுதான் கேலிக்கூத்து.

கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்று வாங்கி, பதினைந்து நாள் முன்னாலேயே கூடத்தில் திறந்து வையுங்கள், உள்ளே நீங்கள் கட்டிக் கழற்றிப் போட்ட, துவைக்காத பருத்திப் புடவையைப் போடுங்கள், அதுவாகவே போய்த் தூங்கும். கிளம்பும் நாள் காலையில் தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும். அங்கே போனதும் வீடு முழுக்கத் திறந்து விடாமல் ஒரே அறையில் இரண்டு மூன்று வாரம் வைத்திருங்கள், அதே புடவையோடு. முதல் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வராது, முதல் நாள் சாப்பிடாமலும் இருக்கும். இழுக்காதீர்கள், கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளி வையுங்கள். இரண்டாம் நாளும் கிண்ணம் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அந்த 2,000 ரூபாயைக் காப்பகத்துக்கே கொடுங்கள், இரண்டு நாள் கட்டளைக்குப் போக 500 மிஞ்சும், அதற்கு டீச்சருக்குக் கண் மருந்து வாங்கிக்கொள்வார்கள்.